விடிய விடிய வள்ளி திருமணம்: இசை நாடகத்தை முதல்முறை பார்ப்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி

தென்மாவட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். காப்புக்கட்டு, பால்குடம், முளைப்பாரி, அன்னதானம் என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘அன்று இரவு 10 மணியளவில் வள்ளி திருமணம் நாடகம் நடைபெறும்’ என்று ஒரு வரி இருக்கும். நூறு வருடத்துக்கு மேலாக இந்த வரி மாறவே இல்லை. தமிழ் சினிமா பேச ஆரம்பித்தபோது பாட்டையும், பாடுகிறவரையும், காமெடியையும், கதையையும் இந்த மேடையிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஆனால் சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் இந்த நாடகத்துக்குப் போனால் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்குள் எழுந்துவிடுகிறார்கள். “கதை நகரவே மாட்டேங்குதே” என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை.

கதைக்காகப் போனால் அப்படித்தான் இருக்கும். இங்கே கதை எல்லோருக்கும் தெரிந்தது. மேடையில் நடப்பது ஒரு போட்டி. அதைப் பார்க்கப் பழகிவிட்டால் விடியும்வரை எழுந்திருக்க மனம் வராது. அந்தப் பழக்கத்துக்கான வழிதான் இது.

1. இது எந்த வகை நாடகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாடகக்காரர்கள் இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். இசை நாடகம் என்றும் சொல்வதுண்டு. தெருக்கூத்து வேறு, இது வேறு. கூத்து வடமாவட்டங்களில் திறந்த வெளியில், மரக்கட்டை அணிகள் கட்டி, கிரீடம் வைத்து ஆடுவது. ஸ்பெஷல் நாடகம் பந்தல் போட்டு, மேடை கட்டி, வரைந்த படுதாக்களைத் தொங்கவிட்டு நடத்துவது. காட்டுக்கு ஒரு படுதா, தெருவுக்கு ஒன்று, தர்பாருக்கு ஒன்று. இந்தப் படுதாவும் ஹார்மோனியமும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராக வந்துபோன பார்சி நாடகக் கம்பெனிகளின் தாக்கத்தில் நம் மேடைக்கு ஏறியவை.

ஸ்பெஷல் என்ற பெயருக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இதில் கம்பெனி கிடையாது. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாக, அந்த ஒரு இரவுக்கென்று ஒப்பந்தம் செய்யப்படுகிறார். முருகன் மதுரையிலிருந்து வருவார், வள்ளி புதுக்கோட்டையிலிருந்து வருவார், கோமாளியான பபூன் திண்டுக்கல்லிலிருந்து வருவார். ஒப்பனைக் கொட்டகையில்தான் பல நேரம் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை, இயக்குநரும் இல்லை. அப்படியும் எட்டு மணி நேரம் நாடகம் ஓடுகிறது. எப்படி?

அதற்குப் பதில் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் காலமானவர். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை உரையாடலும் பாட்டுமாக எழுதினார். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே.சண்முகம் பதிவு செய்திருக்கிறார். அந்த நாடகங்கள்தான் இன்றுவரை எல்லோருக்கும் பொதுப் பாடம். நடிகர்கள் மூத்தவர்களிடம் உட்கார்ந்து பாடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். பாடம் ஒன்றாக இருப்பதால் முன்பின் தெரியாத இருவர் மேடையில் சந்தித்தாலும் தடுமாற்றம் இல்லை. அதே நேரம், பாடத்துக்கு வெளியே எதிராளி எப்போது என்ன கேட்பார் என்பது யாருக்கும் தெரியாது. சுவாரசியம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சுவாமிகளுக்கே இப்படிப் பாடத்தைத் தாண்டிப் பேசுவது பிடிக்கவில்லை என்பது வேடிக்கை. பெரியவர்கள் மேடையில் இஷ்டத்துக்குப் பேசியதில் சலித்துப்போய்த்தான் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் வந்தது அங்கிருந்து. பாய்ஸ் கம்பெனிகளில் ஒழுங்கு இருந்தது, ஒத்திகை இருந்தது, பாடம் பிசகினால் அடியும் இருந்தது. எம்.ஜி.ஆர். வளர்ந்ததும் அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில்தான். அந்தக் கம்பெனிகள் எல்லாம் போய்விட்டன. சுவாமிகள் கண்டித்த ஸ்பெஷல் நாடகம்தான் அவர் எழுத்தை உயிரோடு வைத்திருக்கிறது.

2. கதையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்

முதல் நாடகமாக வள்ளி திருமணத்தையே தேர்ந்தெடுங்கள். அதிகம் நடப்பதும் இதுதான், தர்க்கம், அதாவது இருவர் பாட்டாலும் பேச்சாலும் மோதிக்கொள்ளும் வாதம், அதிகம் உள்ளதும் இதுதான்.

கதை சின்னது. வேடர் தலைவன் நம்பிராஜன் வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கண்டெடுத்து வளர்த்த பெண் வள்ளி. பருவம் வந்ததும் தினைப்புனத்தில் பரண் மேல் நின்று பறவை விரட்டுகிறாள். நாரதர் அவளைப் பார்க்கிறார், முருகனிடம் போய்ச் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறான்; அவள் மசியவில்லை. கிழவனாக வருகிறான், தேனும் தினைமாவும் கேட்டு வாங்கித் தின்று விக்குகிறான். கடைசியில் அண்ணன் விநாயகரை யானையாக வரவழைத்துப் பயமுறுத்த, வள்ளி பயந்துபோய்க் கிழவனையே கட்டிக்கொள்கிறாள். அப்புறம் கல்யாணம்.

இவ்வளவுதான். இதைத்தான் எட்டு மணி நேரம் பாடிப் பேசப் போகிறார்கள். மூன்று சந்திப்புகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நாரதரும் வள்ளியும், வேடனும் வள்ளியும், கிழவனும் வள்ளியும். மூன்றிலும் ஒரு பக்கம் வள்ளிதான். அதாவது அன்று இரவு யாருக்கு அதிக வேலை என்றால், வள்ளியாக வரும் நடிகைக்குத்தான்.

3. காதைப் பழக்கிக்கொள்ளுங்கள்

நேராக நாடகத்துக்குப் போனால் ஹார்மோனியச் சத்தமும் உச்சத்தில் பாடும் குரலும் முதல் அரை மணி நேரம் அலுப்பாகத் தோன்றலாம். ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கேட்டுவையுங்கள். எல்லாம் இணையத்தில் கிடைக்கும்.

முதலில் எஸ்.ஜி.கிட்டப்பா. செங்கோட்டைக்காரர். 1906இல் பிறந்து 1933இல், இருபத்தேழு வயதிலேயே போய்விட்டார். ‘காமி சத்யபாமா’, ‘கோடையிலே இளைப்பாற்றிக்கொள்ளும்’ என்று தொடங்கும் வள்ளலாரின் விருத்தம் ஆகிய இரண்டும் போதும். பழைய இசைத்தட்டு என்பதால் கரகரப்பு இருக்கும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். மேல் ஸ்தாயியில் அவர் நிற்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. பாடுகிறவர் சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் போக்கில் போவார், ஹார்மோனியம் பின்னாலேயே வரும். நாடக மேடையில் விருத்தம்தான் நடிகரின் தகுதிச் சான்றிதழ்.

அடுத்து கே.பி.சுந்தராம்பாள். கொடுமுடியில் பிறந்தவர். இலங்கைக்கு நாடகம் நடத்தப் போன இடத்தில்தான் கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கத் தொடங்கினார். பிறகு அவரையே மணந்தார். கிட்டப்பா இறந்தபின் வெள்ளைச் சேலைக்கு மாறினார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடிக்க ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். அந்தக் காலத்து லட்சம்! ஒரு நாடகக்காரியின் குரலுக்கு என்ன விலை இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மூன்றாவதாக 1945இல் ஏ.வி.எம். எடுத்த ‘ஸ்ரீவள்ளி’யில் டி.ஆர்.மகாலிங்கம் பாடும் ‘காயாத கானகத்தே’. நீங்கள் பார்க்கப்போகும் நாடகத்திலும் பெரும்பாலும் இதே பாட்டு வரும். வேடனாக வந்த முருகன், தன்னிடமிருந்து தப்பிய மானைப் பார்த்தாயா என்று வள்ளியிடம் கேட்கும் பாட்டு. மேயாத மான், புள்ளி மேவாத மான் என்று அடையாளம் சொல்லிக்கொண்டே போகிறான். மேயாத மான் எது, எதிரே நிற்கிறவள்தான். இந்தக் குறும்பு பிடிபட்டுவிட்டால் நாடகத்தின் மொழி பிடிபட்டுவிட்டது.

4. நாடகம் நடக்கும் ஊரைப் பிடியுங்கள்

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், திண்டுக்கல், தேனி, விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்கள்தான் இதற்குச் சொந்த ஊர். தை பிறந்ததிலிருந்து ஆடி வரை சீசன். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் உச்சம். அப்போது ஒரே இரவில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நாடகம் நடக்கும். மழைக்காலத்திலும் மார்கழியிலும் தேடிப் பயனில்லை.

டிக்கெட் கிடையாது. ஊர் வரி போட்டோ, நேர்த்திக்கடனுக்காகத் தனி ஒருவர் செலவு செய்தோ நடத்துவார்கள். அதனால் விளம்பரமும் அந்த ஊர் எல்லைக்குள்தான். நகரத்தில் இருப்பவர்களுக்கு எளிதான வழி, தெரிந்தவர்களின் சொந்த ஊர்த் திருவிழாவை விசாரிப்பது. இன்னொரு வழி, நாடக நடிகர் சங்கங்கள். மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் இவை இருக்கின்றன. ஊர்க்காரர்கள் நாடகம் பேச வருவதும் அமைப்பாளர்கள் வழியாக அங்கேதான். ‘இந்த வாரம் எங்கே நல்ல செட்டு?’ என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

போவதற்கு முன் ஒரு தடவை போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. காவல் நிலைய அனுமதியைப் பொறுத்து சில ஊர்களில் நாடகத்தைச் சீக்கிரம் தொடங்கிச் சுருக்கி முடிப்பதும் நடக்கிறது. விடியும்வரை நடக்கும் நாடகமா என்பதைக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

5. நோட்டீஸை வாசிக்கத் தெரிய வேண்டும்

நாடக நோட்டீஸ் தனியாக அடிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் போட்டோ, பட்டம், ஊர், வேஷம். ராஜபார்ட் என்றால் கதாநாயகன், இங்கே முருகன். ஸ்திரீபார்ட் என்றால் கதாநாயகி. பிறகு நாரதர், பபூன், டான்ஸ். கீழே பக்கவாத்தியம்: ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், தாளம். ஆல்ரவுண்ட் என்பவர் டோலக்கு, தபேலா, டிரம் என்று பலவற்றைச் சுற்றி வைத்துக்கொண்டு, பபூன் தடுக்கி விழுந்தால் ‘டமார்’ என்று ஒரு சத்தம் கொடுப்பது வரை எல்லாம் பார்ப்பவர்.

பட்டங்களை அப்படியே நம்ப வேண்டாம். சக்கரவர்த்தி, சிகரம், திலகம் எல்லாம் ஏராளமாக இருக்கும். நான் முதலில் பார்ப்பது ஹார்மோனியக்காரர் பெயரை. அப்புறம் ஸ்திரீபார்ட், நாரதர். இந்த மூவரும் தேர்ந்தவர்களாக இருந்தால் ராஜபார்ட் சுமாராக இருந்தாலும் இரவு ஓடிவிடும். சீசனில் நான்கைந்து நாடகம் பார்த்த உள்ளூர்ப் பெரியவர் யாரையாவது கேளுங்கள். நோட்டீஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘வள்ளி–நாரதர் தர்க்கம் நல்லா இருக்கும்’ என்று சொல்லிவிடுவார். அநேகமாகத் தவறாது.

6. உட்காரும் இடம்

ஒரு பாய் அல்லது சாக்கு, ஒரு போர்வை, தண்ணீர் பாட்டில். சித்திரையில்கூட அதிகாலையில் கிராமத்துத் திடலில் குளிரும். டீக்கடை விடிய விடிய இருக்கும். பல ஊர்களில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று உட்காருவார்கள். பார்த்து அதன்படி உட்காருங்கள்.

ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே வேண்டவே வேண்டாம். பக்கவாத்தியக்காரர்கள் மேடையின் எந்த ஓரத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் கையும் முகமும் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

7. இரவின் போக்கு

பத்து மணி என்றால் பத்தரை. முதலில் பூசை, பிறகு வாத்தியக்காரர்கள் மட்டும் கொஞ்ச நேரம் வாசிப்பார்கள். ஹார்மோனியக்காரரே சாமி பாட்டு பாடுவார். ஊர் இன்னும் சாப்பிட்டு முடித்திருக்காது, திடல் பாதிதான் நிரம்பியிருக்கும். இந்த நேரத்தில் ஹார்மோனியத்தின் கையை எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பபூன் வருவார். ஆட்டத்தோடு நுழைந்து, தனியாக நின்று பேச ஆரம்பிப்பார். வள்ளிக்கும் முருகனுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. ஊர்ப் பெயரை இழுப்பார், மாமியார் மருமகளை இழுப்பார், அரசியலைத் தொடாமல் தொடுவார், முன் வரிசையில் தூங்குகிறவரை எழுப்புவார். அடுத்து டான்ஸ் நடிகை வருவார். இருவரும் மோதிக்கொள்வார்கள், பாட்டு, எதிர்ப்பாட்டு, சண்டை, காதல். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். கொச்சை இருக்கும், இரட்டை அர்த்தம் தாராளமாக இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் அதற்குத் தயாராகப் போக வேண்டும், அல்லது பன்னிரண்டு மணிக்கு மேல் போக வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் பபூனைத் தவறவிடக் கூடாது. கூட்டத்தை ஒன்றுசேர்ப்பது அவர் வேலை. தமிழ் சினிமாவில் கதைக்குச் சம்பந்தமில்லாமல் காமெடி டிராக் தனியாக ஓடியதே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நேராகப் பார்த்துவிடலாம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் நாடக மேடையில் உருவானவர்தான்.

நள்ளிரவுக்கு மேல்தான் கதை. பாத்திரங்கள் வரும் வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் மாறும். ஒவ்வொருவர் நுழைவையும் கவனியுங்கள். திரைக்குப் பின்னாலிருந்தே பாட்டின் முதல் அடி கேட்கும். அதைக் கேட்டதும் ஹார்மோனியக்காரர் சுருதியைப் பிடித்து, அது எந்தப் பாட்டு, எந்த வேகம் என்று முடிவு செய்துவிடுவார். நாடகத்துக்கு இயக்குநர் இல்லை என்றேன் அல்லவா, உண்மையில் இருக்கிறார். ஹார்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். யார் தடுமாறினாலும் அடி எடுத்துக் கொடுப்பது அவர், பின்பாட்டுப் பாடுவது அவர், பபூன் பேச்சுக்கு ‘ஆமா ஆமா’ போடுவது அவர், தர்க்கம் எல்லை மீறினால் ஒரு பாட்டைத் தொடங்கிவைத்து இருவரையும் பிரித்துவிடுவதும் அவர். அவர் முகம் தெரிகிற இடத்தில் உட்காரச் சொன்னது இதற்காகத்தான். இந்த வாத்தியத்தை அகில இந்திய வானொலி 1940லிருந்து 1971 வரை உள்ளேயே விடவில்லை. ராகத்துக்கு ஒத்துவராத வாத்தியம் என்று தள்ளிவைத்தார்கள். அந்த முப்பது வருடமும் நாடக மேடையில் அதுதான் ராஜா.

வள்ளி தினைப்புனத்துக்கு வந்து ஆலோலம் பாடிப் பறவை விரட்டும் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுதந்திரப் போராட்ட காலத்தில் எஸ்.எஸ்.விஸ்வநாததாஸ் இந்த நாடகத்தில் ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ என்று பாடுவார். மதுரை பாஸ்கரதாஸ் எழுதியது. கூட்டத்துக்கு அது எந்த வெள்ளைக் கொக்கு என்று தெரியும், வெளியே நிற்கும் போலீஸுக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். 1940இல் சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. பாடத்துக்கு நடுவே அன்றைய சங்கதியை நுழைப்பது இந்த மேடையில் புதிதல்ல. இன்றைக்கும் வள்ளி பறவை விரட்டும்போது செல்போனையோ ரேஷன் கடையையோ இழுத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பிறகு தர்க்கம். நாரதர் வருவார், வள்ளி அவரை மதிக்க மாட்டார். நீ யார், எங்கிருந்து வருகிறாய், பெண் தனியாக இருக்கும் இடத்தில் உனக்கென்ன வேலை என்று ஆரம்பிக்கும். அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகும்: இல்லறமா துறவறமா, ஆண் பெரியவனா பெண் பெரியவளா, புராணத்தில் யார் மகன் யார், திருப்புகழில் இந்த வரிக்கு என்ன பொருள். பாட்டால் கேட்டால் பாட்டால் பதில் சொல்ல வேண்டும். எதிராளி எடுத்த மெட்டிலேயே திருப்பிக் கொடுப்பது கூடுதல் கெட்டிக்காரத்தனம். கவனிக்க வேண்டியது மூன்று. கேள்வி விழுந்ததும் எதிர்ப்பக்கம் எவ்வளவு நேரம் மௌனம் என்று பாருங்கள். அந்த மௌனத்தை ஹார்மோனியம் நிரப்பினால் அங்கே உதவி போகிறது என்று அர்த்தம். பதில் சரியோ தப்போ, கூட்டம் யார் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள். தோற்பது போல விட்டுக்கொடுத்துக் கடைசிக் கேள்வியில் மடக்குகிற ஸ்திரீபார்ட்டுகள் உண்டு. அந்த நொடியில் திடலே எழும்பும்.

பிறகு வேடன் காட்சி, ‘காயாத கானகத்தே’. பிறகு கிழவன். மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். தூக்கம் வந்தால் நீங்களும் தாராளமாகப் படுத்துக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கிழவன் விக்க ஆரம்பித்ததும் சிரிப்புச் சத்தமே எழுப்பிவிடும். யானை வந்து, கல்யாணம் நடந்து, மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

8. கட்டை என்றால் என்ன, எதற்கு அவ்வளவு உச்சம்?

நாடக மேடையில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும்; இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார்கள். நாடக மேடையில் நாலு, ஐந்து என்று ஏறும்.

இதற்கு அழகியல் காரணம் தேட வேண்டாம். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு வார்த்தை புரிய வேண்டும், அவ்வளவுதான். கீழ்ச் சுருதிக் குரல் திடலைத் தாண்டாது. மைக் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை, ரசிகர்களும் விடவில்லை.

சினிமாவின் குரல் எப்படி மாறியது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. 1934இல் ‘பவளக்கொடி’யில் எம்.கே.தியாகராஜ பாகவதர் அறிமுகமானபோது அது ஏற்கனவே அவர் நடித்துப் புகழ்பெற்ற மேடை நாடகம். படத்தில் ஏறக்குறைய 50 பாட்டு. குரலும் நாடகக் குரல்தான், எட்டிப் பிடிக்கும் உச்சம். ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ பாட்டோடு 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அப்போதும் மேடையின் சாயல் போகவில்லை. ஆனால் பின்னணிப் பாட்டு வேரூன்றத் தொடங்கியிருந்தது. ‘ஸ்ரீவள்ளி’யிலேயே வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டுகளைப் பிறகு பி.ஏ.பெரியநாயகியின் குரலில் மாற்றிப் பதித்தார்கள். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்றானதும், திடலைத் தாண்ட வேண்டிய அவசியம் குரலுக்கு இல்லாமல் போனது. ஐம்பதுகளில் ஏ.எம்.ராஜா காதோடு பேசுவது போலப் பாடினார். நாடக மேடையில் அந்தக் குரலை வைத்துப் பத்து நிமிடம் நிற்க முடியாது. மேடையில் நிற்கிற குரலை வைத்துப் படுக்கையறைப் பாட்டு பாடினாலும் எடுபடாது. இரண்டுக்கும் பயிற்சியே வேறு.

9. அன்பளிப்பு, கைபேசி, மற்றவை

நன்றாகப் பாடினால் மேடை ஏறி ரூபாய் கொடுப்பது வழக்கம். கொடுத்தவர் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்வார்கள். சிலர் பாட்டாகவே கட்டி வாழ்த்துவார்கள். நூறு ரூபாய் கொடுத்தாலும் மரியாதை ஒன்றுதான். ஆனால் நேரம் பார்த்துக் கொடுங்கள். விருத்தத்தின் நடுவே போய்க் கொடுக்காதீர்கள். வாத்தியக்காரர்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்க வேண்டாம்.

பாட்டைப் பதிவு செய்வதில் தவறில்லை, பக்கத்தில் பத்துப் பேர் செய்துகொண்டிருப்பார்கள். டான்ஸ் நடிகையை மட்டும் துண்டு துண்டாக எடுத்து இணையத்தில் போடுவது அசிங்கம். நாடகப் பெண்களை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது ஏற்கனவே அவர்கள் தலையில் இருக்கிற பாரம். ஒரு காலத்தில் பெண்கள் மேடைக்கு வரத் தயங்கியதால் ஸ்திரீபார்ட்டுக்கே ஆண்கள்தான். ஔவையாராக நடித்த புகழில்தான் டி.கே.சண்முகத்துக்கு ‘ஔவை’ அடைமொழியே ஒட்டிக்கொண்டது. அந்த மேடையை இன்று இழுத்துச் செல்வது பெண்கள்.

முடிந்ததும் ஒப்பனைக் கொட்டகைப் பக்கம் போய் ஒரு வார்த்தை சொல்லலாம். நீட்டிப் பேச வேண்டாம். அடுத்த இரவு வேறு ஊர், வேறு முருகன். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள்.

10. அடுத்து எதைப் பார்ப்பது?

இரண்டாவது நாடகமாகவும் வள்ளி திருமணத்தையே பாருங்கள், வேறு நடிகர்களோடு. முதல் தடவை பாடம் எது, சொந்தச் சரக்கு எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டாவது தடவை தானாகத் தெரியும்.

அதன்பிறகு பவளக்கொடி, அர்ஜுனனும் அல்லியும் கிருஷ்ணனும் சேர்ந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார்கள். சத்தியவான் சாவித்திரியில் எமனோடு சாவித்திரி செய்யும் வாதம் தர்க்கப் பிரியர்களுக்கு. கோவலன் நாடகம் கொஞ்சம் அரிதாகவே அகப்படுகிறது, கிடைத்தால் விடாதீர்கள்.

புதுச்சேரி போகிறவர்கள் கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடத்தை எட்டிப் பார்க்கலாம். நடிகர்கள் இன்றும் குருபூசை செய்கிறார்கள்.

கடைசியாக அரிச்சந்திரா. இதன் மயான காண்டத்துக்கு யாழ்ப்பாணத்தில் தனி வரலாறே இருக்கிறது. காங்கேசன்துறையில் வசந்த கான சபா நடத்திய நடிகமணி வி.வி.வைரமுத்து அரிச்சந்திரனாக வந்தால் ஊரே திரளும். ஈழத்தில் மயான காண்டம் என்றால் இன்றும் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். அங்கே இரவு முழுக்க நீட்டாமல் மயான காண்டத்தை மட்டும் தனியாகப் போடுவதும் உண்டு, பதிவுகளும் கிடைக்கின்றன. நம் பக்கம் பார்ப்பதானால் சந்திரமதி மகனைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வரும் கட்டம் விடியப்போகும் நேரத்தில்தான் வரும். அதற்கு முழித்திருக்க வேண்டும் என்றால், அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.